திருப்பிப் போட்ட ஜாக்கெட்

எங்கள் ஊரில் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவில் போகிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஜாக்கெட் என்றதும் புடவையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் காற்றுக்கும் தூறலுக்கும் போட்டுக்கொள்ளும் தடித்த மேல்சட்டையைச் சொல்கிறேன். அதை நேராகப் போட்டால் ஜிப் வழியாகக் காற்று நெஞ்சுக்குள் நுழைந்துவிடும் என்பது ஜோகூர் பாருவில் எல்லாருக்கும் தெரியும். அதனால் கைகளை முன்பக்கமாக நுழைத்து, சட்டையின் முதுகை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, ஜிப்பைப் பின்னால் திறந்தபடி விட்டுவிடுவார்கள். இறங்கியதும் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு படக்காரர் என் படங்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் எல்லாரும் ஏன் பின்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

கல்யாணப் படம் எடுப்பது என் பிழைப்பு. தெருப்படம் எடுப்பது என் பைத்தியம். பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சிங்கப்பூர். காலையில் பாதி ஊர் வேலைக்கு அந்தப் பக்கம் போகும், மாலையில் திரும்பி வரும். அந்தப் போக்குவரத்தைத்தான் வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பேருந்தில் நின்றபடியே தூங்குகிறவர்கள், நடைபாதையில் ஓர் ஓரமாக நின்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தொழிற்சாலைக் காலணி மாட்டும் பெண்கள், எல்லாவற்றையும்விட அதிகமாக மோட்டார்க்காரர்கள். யாரையும் நிற்கச் சொல்ல மாட்டேன், சிரிக்கச் சொல்ல மாட்டேன், எடுத்த படத்தில் ஓரத்தை வெட்ட மாட்டேன். இது என் கொள்கை. திமிர் என்று சொல்கிறவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

மோட்டார்க்காரர்களுக்கு என் படத்தில் முகம் கிடையாது. தலைக்கவசமும் திருப்பிப் போட்ட ஜாக்கெட்டும்தான். முகத்தைத் தேடாமல் ஆளைத் தெரிந்துகொள்ள நான் பழகியது ஓர் அக்காவின் கடையில்.

அக்கா பாலத்துக்குப் போகும் சாலை ஓரத்தில் காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்றார். மேசை ஒன்று, பெரிய குடை ஒன்று, வாழை இலையும் தாளும் வைத்து மடித்த பொட்டலங்கள். மோட்டார்க்காரர்கள் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பையில் போட்டு, கைப்பிடிக்குக் கீழே இருக்கும் கொக்கியில் மாட்டிவிடுவார். அவர் முன்பு காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் லாரி ஓட்டியவர். இதயத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்னபிறகு லாரியை விட்டுவிட்டு மனைவியின் கடையில் நின்றார். வாய் மட்டும் லாரிக்காரருடையதாகவே இருந்தது.

"வந்துட்டாங்கப்பா சி.ஐ.டி. அம்மா," என்பார் என்னைக் கண்டதும். "ஊர்ல உள்ளவன் முதுகெல்லாம் இது கிட்ட இருக்கு. ஒரு நாளைக்கு மூஞ்சிய எடுக்கச் சொல்லு, நான் தல சீவிட்டு வர்றேன்."

"நான் நிக்க வெச்சு எடுக்கறதில்லண்ணே."

"கல்யாணத்துல மட்டும் நிக்க வெக்கிறியாமே. எனக்கும் கல்யாணம் ஆயிருச்சுலா."

ஒரு நாள் உண்மையிலேயே எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றுவிட்டார். தொல்லை விட்டால் போதும் என்று ஒரு படம் எடுத்தேன். அதைக் கழுவித் தருகிறேன் என்று சொல்லி, இன்று நாளை என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்களுக்கு ஒரே மகன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. அவனும் மற்றவர்களைப் போலவே தன் அம்மாவின் கடையில் வண்டியை நிறுத்தாமல் நிறுத்தி, பொட்டலத்தை மாட்டிக்கொண்டு போவான். அவனுடைய ஜாக்கெட் முழுக் கறுப்பு. இருட்டில் பின்னால் வருகிற வண்டிக்காரனுக்கு இவன் தெரியாமல் போய்விடுவானே என்று அக்காவுக்குப் பயம். கிடங்கில் கொடுத்த பழைய பாதுகாப்பு அங்கியிலிருந்து பளிச்சென்ற மஞ்சள் பட்டையை வெட்டி எடுத்து, ஜாக்கெட்டின் முன்பக்கத்தில், ஜிப்புக்கு இரண்டு புறமும் தைத்துவிட்டார். முன்னால் ஏன் தைத்தீர்கள் என்று நான் கேட்டேன்.

"நேரா போட்டாத்தான் அது முன்னால. நம்ம புள்ளைங்க என்னைக்கு நேரா போட்டுச்சுங்க?" என்றார். "திருப்பிப் போட்டா முதுகுக்கு வந்துரும்."

அதற்குப் பிறகு என் படங்களில் ஆயிரம் முதுகுகளுக்கு நடுவே அந்த மஞ்சள் பட்டையை உடனே கண்டுபிடித்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் அக்காவிடம் காட்டுவேன். "என் தையல்," என்பார். மகன் என்று சொல்ல மாட்டார்.

பிறகு நோய் வந்தது, எல்லையை மூடினார்கள். அந்தப் பக்கம் வேலை செய்கிறவர்கள் அங்கேயே தங்கினால் வேலை நிலைக்கும், இந்தப் பக்கம் வந்துவிட்டால் திரும்பப் போக முடியாது. பையில் கொஞ்சம் துணியை அடைத்துக்கொண்டு, மோட்டாரோடு அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். சில வாரம்தான் என்று எல்லாரும் நினைத்தோம். மழைக்கு ஒதுங்குகிறவன் போல்தான் போனான், அப்பாவிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பாலத்துச் சாலை காலியாகிவிட்டது. கல்யாண மண்டபங்களையும் மூடிவிட்டார்கள். காலியான சாலையை நான் சில நாள் எடுத்தேன். எடுத்தவற்றைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக வந்தது, அழகாக இருந்தன.

அக்கா பொட்டலத்தைக் குறைத்துக்கொண்டு கடையை நடத்தினார். தினமும் மாலையில் மகன் போனில் முகம் காட்டுவான். அப்பா போனைக் காதில் வைத்துக்கொள்வார், அவன் "ப்பா, முன்னால வெச்சுப் பாருங்க" என்று கத்துவான். பாலம் திறந்ததும் பாலோ ஊரில் இருக்கும் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டலாம் என்று இருவரும் திட்டம் போட்டார்கள்.

ஒரு நாள் பிற்பகல், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம்தான். நான் போனபோது அக்கா தட்டைக்கூடக் கழுவாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகன் வரலாம், தடையில்லை. ஆனால் வந்தால் இந்தப் பக்கம் தனிமை முகாம், அதை முடித்துத்தான் வீட்டுக்குள் வர முடியும். அதுவரை உடலை வைத்திருக்க முடியாது. திரும்பிப் போக விட்டாலும் அங்கேயும் முகாம், அதற்குள் வேலையில் வேறு ஆள் வந்துவிடுவான். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் போனில் அழுதுகொண்டே இருந்தான். வர வேண்டாம் என்று கடைசியில் சொன்னது அக்காதான்.

இறந்தவரின் தம்பி கொள்ளி வைத்தார். இத்தனை பேர்தான் வரலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. கேமராக்காரி கை ஆடாது என்று சொல்லி, சுடலையில் போனைப் பிடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மாலை போட்டு வைத்திருந்த படம் நான் எடுத்த அந்தச் சீவிய தலைப் படம். அவசரம் அவசரமாக அன்று காலையில்தான் கழுவிக் கொண்டுவந்திருந்தேன். போனுக்குள்ளிருந்து மகன், "ஆன்ட்டி, கொஞ்சம் கிட்டப் போங்க. அப்பா கால் தெரியல," என்றான். கிட்டப் போனேன். போனைத் தாழ்த்தி அவர் காலைக் காட்டினேன்.

அன்று சாயங்காலம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு சாம்பல் கரைக்கணும் தங்கச்சி. கடல் ஒண்ணுதானே. இந்தக் கரையில நாங்க கரைக்கிறோம், அந்தக் கரையில அவன் வந்து நிக்கட்டும். மொட்டை போட்டுக்கிட்டு, பாலும் பூவும் ஊத்தட்டும்."

"சரிக்கா. நிக்கலாம்."

"நிக்கிறத நான் பார்க்கணும். போன்ல பார்த்தா அது பார்த்ததாகாது. புள்ளை இருந்தும் இல்லாதவரு மாதிரி போயிட்டாருன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. அப்பனுக்குச் செய்ய வேண்டியத அவன் செஞ்சான், நான் என் கண்ணால பார்த்தேன்னு எனக்கு இருக்கணும். உங்கிட்ட தூரமா இருக்கிறத இழுக்கிற கண்ணாடி இருக்குல்ல?"

என்னிடம் இருந்தது போதாது. பறவைகளை எடுக்கும் ஒரு நண்பரிடமிருந்து பெரிய லென்ஸ் ஒன்றை வாங்கினேன். இருந்தாலும் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன், அந்தத் தூரத்தில் ஆள் தெரிவான், முகம் தெரியாது. அக்கா யோசிக்கவே இல்லை.

"நான் பட்டை தைச்ச ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு வரச் சொல்றேன். நேரா போட்டான்னா நெஞ்சுல மஞ்சளாத் தெரியும்."

மகனிடமும் போனில் அதைச் சொன்னார். இன்ன இடம், படகுத்துறை மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதே அங்கே, காலையில் இந்த நேரம், அந்த ஜாக்கெட். அவன் எல்லாவற்றுக்கும் சரிம்மா சரிம்மா என்றான்.

மறுநாள் காலை கரையில் நாங்கள் சிலர்தான் நின்றோம். அக்கா, இறந்தவரின் தம்பி, காரியம் செய்யும் பண்டாரம், நான். ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் என் லென்ஸைப் பார்த்ததும் நின்றார். எல்லைக்கு நேராக இத்தனை பெரிய குழாயை நீட்டினால் நிற்காமல் என்ன செய்வார். அக்கா கையிலிருந்த மண்பானையைப் பார்த்தார், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. "செபாட் சிக்கிட்," சீக்கிரம் ஆகட்டும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

மகனுக்குப் போன் அடித்தால் போகவில்லை. எங்கள் கரையில் இது எப்போதும் உள்ள தொல்லை. தண்ணீர் ஓரம் போனால் போன் நம் நாட்டுக் கோபுரத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு இதுவுமில்லாமல் அதுவுமில்லாமல் செத்துப்போகும். தம்பி போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் லென்ஸை முக்காலியில் வைத்து அந்தக் கரையைத் துழாவினேன். புல்வெளி, நடைபாதை, கடலுக்குள் நீளும் அந்தத் துறை. முகக்கவசம் போட்ட சிலர் அங்குமிங்கும் நின்றார்கள். காற்றில் எல்லாம் லேசாக ஆடியது. துறையின் நடுவில் மஞ்சள் தெரிந்தது. நெஞ்சின் குறுக்கே, பளிச்சென்று.

"அக்கா, மஞ்சள் தெரியுது."

அக்கா பானையைப் பண்டாரத்திடம் கொடுத்துவிட்டு வந்து கண்ணை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தொப்பி போட்டிருக்கானே."

"மொட்டைத் தலைல்ல, வெயில் சுடும்," என்றார் தம்பி.

"ஆமா. சுடும்." அக்கா லென்ஸை விட்டு எழவே இல்லை. "மெலிஞ்சிட்டான். சோறு ஒழுங்கா தின்னுருக்க மாட்டான்."

பண்டாரம் அழைத்ததும் போய்ச் சாம்பலைக் கரைத்தார்கள். அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று அந்தக் கரையைப் பார்த்து, மகனின் செல்லப்பெயரைச் சொல்லி, "அப்பா வர்றாருடா, வாங்கிக்கடா," என்று அழுதார். கண்ணைக் கேமராவில் வைத்தால்தான் அழாமல் இருப்பேன் என்பதால் விரலை எடுக்காமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். அந்த மஞ்சள் ஆள் குனிந்தான், நிமிர்ந்தான். ஒரு சமயம் கையைத் தூக்கினான். "கைய ஆட்டறான்," என்று நான்தான் சொன்னேன். தம்பி தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவி வீசி வீசி ஆட்டினார். அக்காவும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பிறகு அக்காவின் முகத்தில் ஓர் அமைதி வந்தது. சுடலையிலும் அதற்குப் பிறகும் நான் அதை அவர் முகத்தில் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, படங்களைப் பெரிய திரையில் போட்டேன். ஏதோ சரியில்லை. மஞ்சள் ஆளின் கையில் நீளமாக ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், துடைப்பம். அவர் அந்தப் பூங்காவைக் கூட்டுகிறவர், போட்டிருந்தது வேலைக்குக் கொடுத்த மஞ்சள் அங்கி. குனிந்தது குப்பையை அள்ள, கையைத் தூக்கியது நெற்றி வியர்வையைத் துடைக்க.

பிறகு படத்தின் இடது ஓரத்தைப் பார்த்தேன். அங்கே ஒருவன் நின்றான். முழுக் கறுப்பு. நெஞ்சில் ஜிப் இல்லை, பட்டை இல்லை, கறுப்புத் துணி மட்டும். தலை மொட்டை. அவசரத்தில் மோட்டாரில் வந்திருக்கிறான். மோட்டாரில் வந்தவன் ஜாக்கெட்டை எப்படிப் போட்டிருப்பான்? இறங்கியவன் அதை நேராகப் போட மறந்துவிட்டான். அக்கா தைத்த மஞ்சள் பட்டை அவன் முதுகில், எங்களுக்குத் தெரியாத பக்கத்தில், சிங்கப்பூரைப் பார்த்து மின்னிக்கொண்டிருந்திருக்கும்.

விரலை எடுக்காமல் எடுத்ததால் எல்லாப் படத்திலும் அவன் ஓரத்தில் இருந்தான். ஒன்றில் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தான். ஒன்றில் கம்பிக்கு மேல் குனிந்து எதையோ தண்ணீரில் ஊற்றினான். ஒன்றில் ஆளையே காணோம், தரையில் நீளமாக ஒரு கறுப்பு, விழுந்து கும்பிடுகிறான். அடுத்ததில் எழுந்து நின்று கையைத் தூக்கி ஆட்டினான். அதற்கடுத்ததிலும் கை மேலே இருந்தது. அதற்கடுத்ததிலும். பிறகு கை கீழே இறங்கிவிட்டது. அதற்கும் அடுத்ததில்தான் கூட்டுகிறவர் நெற்றியைத் துடைத்தார்.

ஓரத்தை வெட்டாதது என் திமிர் என்று சொன்னேன். அந்தத் திமிரால்தான் அவன் அந்தப் படங்களில் இருந்தான்.

சொல்வதா வேண்டாமா என்று அன்று இரவு முழுக்க என்னோடு நானே சண்டை போட்டேன். அக்காவுக்குக் கிடைத்த அமைதியைப் பிடுங்க நான் யார் என்று ஒரு பக்கம். அவன் அப்பாவுக்குச் செய்ததைப் பார்த்த ஒரே ஆள் நான், அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க நான் யார் என்று இன்னொரு பக்கம். பார்க்க வேண்டும் என்று கேட்டது அக்கா. காட்டுவதுதான் நியாயம் என்று மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனேன்.

போனதும் அக்காவே ஆரம்பித்தார்.

"நேத்து சாயந்திரம் பேசினான். என்னப் பார்த்தீங்களாம்மான்னு கேட்டான். பார்த்தேன்பா, பட்டை நல்லா தெரிஞ்சுதுன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் நானும் பார்த்தேம்மா, கைய ஆட்டினீங்கள்லன்னான். அழுகையில பேச்சு வரல போல அவனுக்கு."

நான் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். ஓரத்தில் விரலை வைத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் மகனைத் தெரிந்துகொள்ள முகம் எதற்கு. நிற்கிற நிற்பே போதும்.

"நேரா போடல," என்றார். "வண்டில வந்த அவசரத்துல நேரா போடல."

"ஆமாக்கா."

"விழுந்து கும்பிட்டிருக்கான்." திரையைத் தொட்டார். "ஒத்தையா நின்னு எல்லாத்தையும் செஞ்சிருக்கான். நான் எவனோ குப்பை கூட்டுறவனைப் பார்த்து அழுதிருக்கேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழவில்லை. "அவன்கிட்ட சொல்லிடாத," என்றார். "அம்மா பார்த்தாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். அப்படியே இருக்கட்டும்."

பிறகு ஒன்று கேட்டார். அந்தக் கூட்டுகிற ஆளை நீக்கிவிட்டு, மகன் கும்பிடுகிற இடத்தை மட்டும் பெரிதாக்கித் தர முடியுமா என்று. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தெருப்படத்தை வெட்டினேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். அவ்வளவு பெரிய படத்தில் அவன் பங்கு விரல் நகம் அளவு, அதை இழுத்துப் பெரிதாக்கினால் பழுப்பும் கறுப்புமாய்ப் புள்ளிகள். கிட்டே நின்றால் ஒன்றும் தெரியாது, பட்டை உண்டா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியாது, அறையின் அந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்தால் ஒருவன் கைகூப்பி நிற்பான். அக்கா அதைச் சட்டம் போட்டு வீட்டுக்காரரின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கடிதம் போடும் காலமில்லை, தினமும் போன் வந்தது. பட்டை தெரிந்ததைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

எல்லை திறக்க ரொம்ப நாள் ஆயிற்று. திறந்த அன்று நான் பாலத்துச் சாலையில் நின்றேன். மோட்டார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. சிலர் வண்டியை ஓரத்தில் போட்டுவிட்டுத் தரையைத் தொட்டார்கள். அவன் என்னைக் கடந்து போன பிறகுதான் பட்டையைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. பின்னாலேயே கடைக்கு ஓடினேன்.

அக்கா அவன் தலைக்கவசத்தைக் கழற்றி, தலையைத் தடவிப் பார்த்தார். முடி வளர்ந்திருந்தது, காதோரம் நரைத்திருந்தது. இத்தனை நாள் சேர்த்துவைத்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ, "பசியாறிட்டியா?" என்றார். அவன் இல்லையென்று தலையாட்டினான். நின்றபடியே ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டான். பொட்டலத்தைக் கொக்கியில் மாட்டும் கை இல்லாததை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டில் அப்பாவின் படத்தின் முன் விழுந்து கும்பிட்டான். எழுந்தவன் பக்கத்துச் சட்டத்தைப் பார்த்தான்.

"இது யாரும்மா?"

"நீதான். அன்னிக்குப் பார்த்தேன்ல."

அவன் அதன் அருகே போய்ப் பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான். "ஆமாம்மா," என்றான்.

பிறகு வாசலில் மோட்டாரைக் கழுவும்போது, அக்கா உள்ளே இருக்கும் சமயம் பார்த்து என்னிடம் சொன்னான்.

"ஆன்ட்டி, அம்மா அன்னிக்கு என்னப் பார்க்கல. எனக்குத் தெரியும்."

நான் குழாயை மூடினேன்.

"நான் கைய ஆட்டி ஆட்டி நின்னேன், அந்தப் பக்கம் ஒண்ணும் அசையல. ஒருவேள இன்னும் வரலையோன்னு நெனச்சேன். அப்ப பக்கத்துல கூட்டிட்டு இருந்தவர் நெத்தியத் தொடைச்சார். உடனே சித்தப்பா துண்டு ஆடிச்சு. வெள்ளையாத் தெரிஞ்சுது. கூட்டுறவர் போட்டிருந்த மஞ்சளப் பார்த்தப்பதான் என் ஜாக்கெட்ட குனிஞ்சு பார்த்தேன்." தண்ணீர் சொட்டும் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "உடனே கழட்டி நேரா போட்டேன். அதுக்குள்ள துண்டு இறங்கிருச்சு. நீங்க எல்லாம் கிளம்பிட்டீங்க."

அந்தப் படம் என்னிடம் இல்லை. அக்கா கரையேறியதும் நான் லென்ஸைக் கழற்றிவிட்டிருந்தேன்.

"சாயந்திரம் போன்ல அம்மா, பார்த்தேன்பான்னாங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி. தாங்க மாட்டாங்க."

நான் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அம்மாவுக்கும் தலையாட்டியிருந்தேன். எனக்கு இருவர் மீதும் கோபம் வந்தது. ஒரே வீட்டில், ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒருவருக்காக ஒருவர் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களே என்று. கொஞ்ச நேரத்தில் கோபம் போய்விட்டது, வருத்தம்தான் மிஞ்சியது. போட்டு உடைத்துவிடலாம்தான். உடைத்து யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது.

லீவு முடிந்து அவன் திரும்பவும் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை நான் போனேன். அக்கா முன்னறையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். மடியில் அந்தக் கறுப்பு ஜாக்கெட். பழைய பட்டையைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைத்திருந்தார். இப்போது சட்டையின் முதுகுப் பக்கத்தில் இன்னொரு பட்டையை வைத்து ஊசி ஓட்டிக்கொண்டிருந்தார். மகன் எதிரே உட்கார்ந்து, துணி சுருங்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் எதுக்கும்மா?"

"எதுத்தாப்ல வர்றவனுக்கும் தெரியணும்லப்பா."

"சரிம்மா."

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. அவனும் நிமிரவில்லை. ஊசி போய்ப் போய் வந்தது. சுவரில் வீட்டுக்காரர் எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் புள்ளிகளாய் அவர் மகன். நான் கேமராவை எடுத்து ஒரு படம் எடுத்தேன். அவனுடைய முகம் தெரிகிற படம் என்னிடம் அது ஒன்றுதான்.

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்தபிறகு கடைக்கு வந்தான். ஜாக்கெட்டை வழக்கம்போலத் திருப்பித்தான் போட்டிருந்தான். நெஞ்சிலும் மஞ்சள், முதுகிலும் மஞ்சள். அக்கா பொட்டலத்தைக் கொக்கியில் தானே மாட்டிவிட்டார். அவன் வரிசையில் கலந்து, வளைவு வரைக்கும் போய், அங்கே வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தான். அக்கா குடையை விட்டு வெளியே வந்து கையை ஆட்டினார். அவனும் ஆட்டினான். அக்கா கையை இறக்கவே இல்லை, அவனும் இறக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் அழுதுவிட்டேன். அதனால் அந்தப் படம் முழுக்க ஆடிப்போயிருக்கிறது, அதை நான் அழிக்கவில்லை.